காலடிகளால் வரைந்த நிலப்படம்

பாடத்திற்கு முன்

இந்திய நிலப்படம் ஒன்றை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். லடாக்கில் உள்ள லே நகரம், உத்தராகண்டில் உள்ள பித்தோராகட் மாவட்டம், அருணாசலப் பிரதேசத்தில் உள்ள தவாங் ஆகிய மூன்று இடங்களையும் பென்சிலால் வட்டமிடுங்கள். மூன்றும் நம் நாட்டின் வட எல்லையை ஒட்டியவை. இம்மூன்றையும் தம் வாழ்க்கையால் இணைத்த ஒரு பள்ளி ஆசிரியரின் வரலாற்றை இப்பாடத்தில் படிப்போம்.

1. பனிமலை ஊரில் பிறந்தவர்

இமயத்தில் கோரி கங்கை என்னும் ஆறு தோன்றிப் பாயும் பள்ளத்தாக்கு ஜோஹார் எனப்படும். அதன் தலைப்பகுதியில், 11,000 அடிக்கும் மேலான உயரத்தில் மிலம் என்னும் சிற்றூர் உள்ளது. இன்று அது பித்தோராகட் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வூரில் 1830ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் நைன் சிங் ராவத் பிறந்தார். அவருடைய தந்தையின் பெயர் அமர் சிங்.

மிலம் ஆண்டின் பல மாதங்கள் பனியால் மூடப்பட்டுக் கிடக்கும். ஆகையால் மக்கள் கோடையில் மட்டுமே அங்கு வாழ்வர். குளிர்காலம் நெருங்கியதும் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு தாழ்வான ஊர்களுக்கு இறங்கிவிடுவர். விளைநிலம் குறைவாக இருந்ததால் அவர்களை வணிகமே வாழவைத்தது. தானியம், வெல்லம், துணி ஆகியவற்றை ஆடுகளின் முதுகில் ஏற்றி, உயர்ந்த கணவாய்களைக் கடந்து திபெத்துக்குச் செல்வர். அங்கிருந்து உப்பு, கம்பளி, வெண்காரம் ஆகியவற்றைக் கொண்டுவருவர். ஜோஹார் வணிகக் குடும்பங்களும் திபெத்திய வணிகக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக நட்புக் கொண்டிருந்தன. மலையின் இருபுறத்தாரும் ஒருவர் மொழியை ஒருவர் அறிந்திருந்தனர்.

இத்தகைய ஊரில் பிறந்த நைன் சிங், இளமையில் தந்தையுடன் திபெத்துக்குச் சென்று வணிகம் பழகினார். திபெத்திய மொழியைக் கற்றார். அம்மக்களின் வழக்கங்களையும் வழிபாட்டு முறைகளையும் அறிந்துகொண்டார். வறுமை அக்குடும்பத்தை வாட்டியது. ஆயினும் வறுமையோடு சேர்ந்து கிடைத்த அந்த மலைவழி அறிவே பிற்காலத்தில் அவருக்குப் பெருஞ்செல்வமாயிற்று.

1855ஆம் ஆண்டு முதல் 1857 வரை, ஷ்லாகின்ட்வைட் உடன்பிறந்தார் என்னும் ஜெர்மானிய அறிஞர்களின் ஆய்வுப் பயணத்தில் நைன் சிங் பணியாற்றினார். மானசரோவர், ராட்சசதால் ஆகிய ஏரிகளின் பகுதிகளுக்கும் லடாக்கிற்கும் அவர்களுடன் சென்றார். அளவைக் கருவிகளைக் கையாளும் முறையை அப்போதுதான் முதன்முதலில் கண்டார். பின்னர்த் தம் ஊரின் அரசுப் பள்ளியில் ஆசிரியரானார். கற்றவர் என்னும் பொருளில் மக்கள் அவரைப் பண்டிதர் என அழைத்தனர். அப்பெயரே வரலாற்றிலும் நிலைத்தது.

2. பரங்கிமலையில் தொடங்கிய அளவை

இந்திய நிலத்தை முழுமையாக அளந்து நிலப்படம் வரையும் மாபெரும் முக்கோண அளவைப் பணி, 1802ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதியில் தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்பவர் அங்கு ஏழு மைலுக்கும் சற்று மிகுந்த ஓர் அடிக்கோட்டை மிகத் துல்லியமாக அளந்தார். அக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு அளக்கப்பட்டது. தியோடலைட் என்னும் பெரிய கோணம் அளக்கும் கருவியைக் குன்றுகளின் மீதும் கோபுரங்களின் மீதும் ஏற்றி, தொலைவில் உள்ள இடங்களை நோக்கி அளந்தனர். 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் மீது அக்கருவியை ஏற்றும்போது அது மோதிச் சேதமடைந்தது. லாம்டன் பல வாரங்கள் உழைத்து அதைச் சீர்செய்தார்.

தமிழகத்தில் தொடங்கிய இப்பணி அரை நூற்றாண்டுக் காலத்தில் இமயத்தை எட்டியது. அங்கே அது நின்றது. மலைக்கு அப்பால் இருந்த திபெத்து அயலாருக்குத் தன் வாயிலை அடைத்திருந்தது. ஆங்கிலேயர் ஒவ்வொரு பகுதியாக இந்தியாவைக் கைப்பற்றியதைத் திபெத்தின் ஆட்சியாளர்கள் அறிந்திருந்தனர். அளவைக்காரர் வந்தால் பின்னே படை வரும் என அவர்கள் அஞ்சினர். மறுபுறம், ரஷ்யப் பேரரசு நடு ஆசியாவில் பரவி வருவதைக் கண்டு ஆங்கிலேயரும் அஞ்சினர். வடக்கே இருக்கும் வழிகளும் ஆறுகளும் கணவாய்களும் எவை என்று தெரியாமல் தம் ஆட்சியைக் காக்க முடியாது என அவர்கள் எண்ணினர்.

எனவே இருபுறமும் அச்சம் இருந்தது. ஒருபுறத்தார் தம் பாதுகாப்புக்காக நிலத்தை மறைத்தனர். மறுபுறத்தார் தம் பாதுகாப்புக்காக அந்நிலத்தை அறிய விரும்பினர். எல்லைச் சிக்கல்கள் பலவற்றின் வேரில் இவ்வாறான இருபுற அச்சமே இருப்பதைக் காணலாம்.

தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு திபெத்துக்குள் நுழைய இயலாது. ஐரோப்பியர் முகமும் அங்கே மறையாது. ஆனால் இமயத்தின் மக்கள் வணிகராகவும் வழிபடுவோராகவும் சென்று வருவதைத் தாமஸ் மாண்ட்கோமரி என்னும் அளவைத் துறை அதிகாரி கவனித்தார். அவர்களுக்கே பயிற்சி தந்து அனுப்பலாம் எனத் திட்டமிட்டார். குமாவுன் பகுதியின் கல்வி அதிகாரியாக இருந்த எட்மண்ட் ஸ்மித், நைன் சிங்கையும் அவருடைய உறவினர் மணி சிங்கையும் இப்பணிக்குப் பரிந்துரைத்தார். 1863ஆம் ஆண்டு இருவரும் டேராடூனுக்குச் சென்றனர்.

3. மணிமாலையும் சோழியும்

டேராடூனில் இரண்டாண்டுப் பயிற்சி நடந்தது. அதில் முதன்மையானது நடை. மேட்டிலும் பள்ளத்திலும் சமவெளியிலும் ஒரே அளவாகக் காலடி வைக்கப் பழக வேண்டும். ஏறக்குறைய 2,000 காலடிகள் ஒரு மைல் என்று கணக்கிடப்பட்டது. ஒருவரின் உடலே அளவுகோலாக மாற வேண்டும் என்பதே அப்பயிற்சியின் நோக்கம்.

காலடிகளை எண்ணுவதற்கு வழிபாட்டு மாலை உதவியது. திபெத்தியப் பௌத்தர்களின் மாலையில் 108 மணிகள் இருக்கும். நைன் சிங்கின் மாலையில் 100 மணிகளே இருந்தன. 100 காலடிக்கு ஒரு மணி வீதம் அவர் நகர்த்துவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 காலடிகள், அதாவது ஐந்து மைல், கடந்தாயிற்று என்று பொருள். காண்பவர்க்கு அவர் மந்திரம் உருப்போடுபவராகத் தோன்றுவார்.

வழிபாட்டு உருளை என்பது பௌத்தர்கள் கையில் ஏந்திச் சுழற்றும் சிறு கருவி. அதனுள் மந்திரம் எழுதிய தாள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நைன் சிங்கின் உருளையில் அளவைக் குறிப்புகள் இருந்தன. உடன் கொண்டு சென்ற பெட்டியின் மறைவான அறையில் கோணமானி இருந்தது. சோழிக்குள் பாதரசம் அடைக்கப்பட்டிருந்தது. அப்பாதரசத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றினால் அது அசையாத சமதளமாக நிற்கும். அதில் விண்மீனின் பிம்பத்தைக் கண்டு, இடம் எந்த அகலக்கோட்டில் உள்ளது எனக் கணக்கிடலாம்.

உயரத்தை அறிய வெப்பமானி பயன்பட்டது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும்; ஆகவே தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். கொதிநிலையை அளந்தால் அவ்விடத்தின் உயரம் தெரிந்துவிடும். தேநீருக்காக நீர் காய்ச்சுபவரைப் போல அமர்ந்து, ஒரு நகரத்தின் உயரத்தை அவரால் அளக்க முடிந்தது.

4. லாசா நகரில்

1865ஆம் ஆண்டு நைன் சிங்கும் மணி சிங்கும் நேபாளம் வழியாகப் புறப்பட்டனர். எல்லையில் சோதனை கடுமையாக இருந்தது. முதல் முயற்சியில் அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். பின்பு இருவரும் பிரிந்து வேறு வேறு வழிகளில் முயன்றனர். நைன் சிங் வணிகராக வேடம் பூண்டு திபெத்துக்குள் நுழைந்தார். லடாக்கிலிருந்து வந்த வணிகக் கூட்டம் ஒன்றுடன் இணைந்து, சாங்போ ஆற்றை ஒட்டிய வழியில் கிழக்கு நோக்கி நடந்தார். 1866ஆம் ஆண்டு சனவரியில் லாசா நகரை அடைந்தார்.

அந்நகரில் அவர் ஏறக்குறைய மூன்று மாதங்கள் தங்கினார். கைப்பொருள் தீர்ந்தபோது, அங்கிருந்த நேபாள வணிகர்களுக்குக் கணக்குக் கற்றுத் தந்து பொருளீட்டினார். ஆசிரியத் தொழிலே அவ்வேளையில் அவரைக் காத்தது. சிறுவராக இருந்த தலாய் லாமாவை நேரில் கண்டு வணங்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. அனுமதியின்றி லாசாவுக்கு வந்த ஒருவர் பொது இடத்தில் தலை வெட்டப்பட்ட காட்சியையும் அவர் கண்டார். அன்று முதல் வெளியே நடமாடுவதைக் குறைத்துக்கொண்டார். இரவில் மட்டும் விண்மீன்களை நோக்கித் தம் கணக்கைத் தொடர்ந்தார்.

வசந்த காலத்தில் அதே வணிகக் கூட்டத்துடன் மேற்கு நோக்கித் திரும்பி, 1866ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் டேராடூனை அடைந்தார். அவர் எண்ணிக் கடந்த வழி ஏறக்குறைய 1,200 மைல். காலடிக் கணக்கில் அது 24 இலட்சத்தைத் தாண்டும். லாசாவின் இருப்பிடத்தையும் உயரத்தையும் முதன்முதலாக அளவுடன் குறித்தவர் அவரே. சாங்போ ஆற்றின் நீண்ட போக்கும் அவர் குறிப்புகளால் நிலப்படத்தில் இடம்பெற்றது. இன்றைய கருவிகள் தரும் அளவுகளுக்கு அருகில் அவருடைய அளவுகள் இருப்பது வியப்பிற்குரியது.

1867ஆம் ஆண்டு மேற்குத் திபெத்தில், கடல் மட்டத்திலிருந்து 16,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருந்த தோக் ஜாலுங் என்னும் தங்கச் சுரங்கப் பகுதிக்குச் சென்றார். 1873ஆம் ஆண்டு யார்க்கண்டுக்குச் சென்ற ஆங்கிலேயத் தூதுக்குழுவுடனும் பயணம் செய்தார்.

5. பாங்கோங் முதல் தவாங் வரை

நைன் சிங்கின் கடைசிப் பெரும்பயணமே அவர் செய்தவற்றுள் மிக நீண்டது. 1874ஆம் ஆண்டு சூலையில் அவர் லே நகரிலிருந்து புறப்பட்டார். லாமா வேடத்தில் சில துணைவருடன் சென்றார். சுமைகளை ஆடுகளின் மீது ஏற்றியிருந்தார். செம்மறியாடு வழியில் கிடைக்கும் புல்லை மேய்ந்துகொண்டே நடக்கும், ஐயத்தையும் ஏற்படுத்தாது. மிலம் வணிகர்களின் பழைய முறை இப்பயணத்திற்கும் கைகொடுத்தது.

லடாக்கின் பாங்கோங் ஏரியைக் கடந்து வட திபெத்தின் பரந்த உயர்நிலத்தில் கிழக்கு நோக்கி நடந்தார். எந்த நிலப்படத்திலும் இல்லாத ஏரிகளையும் மலைத்தொடர்களையும் குறித்துக்கொண்டே சென்றார். நவம்பரில் லாசாவை மீண்டும் அடைந்தார். ஆனால் முன்பு பழகிய ஒரு வணிகர் தம்மை அடையாளம் கண்டுகொள்வார் என்னும் நிலை ஏற்பட்டதால், இரண்டே நாளில் நகரை விட்டு நீங்கினார். அதுவரை எழுதிய குறிப்புகளைத் துணைவர் இருவரிடம் தந்து லேவுக்கு அனுப்பிவிட்டார். தாம் பிடிபட்டாலும் தம் உழைப்பு அழியலாகாது என்பது அவர் எண்ணம்.

பின்பு தென்கிழக்காக நடந்து தவாங்கை அடைந்தார். மோன்பா மக்கள் வாழும் அவ்வூரில் 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பெரிய பௌத்த மடம் உள்ளது. அங்கு அவர் பல வாரங்கள் தடுத்து வைக்கப்பட்டார். கடைசியில் வழிவிடப்பட்டு, 1875ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அசாமின் உதல்குரியை வந்தடைந்தார். இப்பயணத்தின் நீளம் ஏறக்குறைய 1,400 மைல்.

பனியும் உயரமும் அவருடைய உடலையும் கண்பார்வையையும் கெடுத்துவிட்டன. அதன்பின் அவர் தம்மைப் போன்ற மலைநாட்டு இளைஞர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணியை ஏற்றார். 1877ஆம் ஆண்டு இலண்டன் அரச புவியியல் கழகம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. ஆசியாவைப் பற்றிய நேரடி அறிவை அவரளவுக்கு மிகுதியாக நிலப்படத்தில் சேர்த்தவர் அக்காலத்தில் வேறெவரும் இல்லை என அக்கழகம் கருதியது. அரசு அவருக்கு நிலமும் வழங்கியது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்கு முன்பே அவர் மறைந்தார்.

6. இருபுறமும் பார்க்க வேண்டிய செயல்

நைன் சிங்கின் துணிவையும் துல்லியத்தையும் போற்றாமல் இருக்க முடியாது. ஆயினும் அவருடைய செயலை மலையின் மறுபுறத்திலிருந்தும் பார்க்க வேண்டும். திபெத்தியர் அவரை வணிகர் என்றும் வழிபட வந்தவர் என்றும் நம்பி இடம் கொடுத்தனர். புனித மாலையும் வழிபாட்டு உருளையும் அந்நம்பிக்கையைப் பெறுவதற்கான கருவிகளாயின. 1904ஆம் ஆண்டு ஆங்கிலேயப் படை போர் புரிந்து லாசாவுக்குள் நுழைந்தது. அளவைக்காரர் பின்னே படை வரும் என்று திபெத்தியர் கொண்ட அச்சம் வீண்போகவில்லை.

நைன் சிங் தமக்கென நாடு பிடிக்கச் சென்றவர் அல்லர். தம் மண்ணை ஆண்ட அயலாட்சியின் ஊழியராகவே சென்றார். ஒரு நாட்டின் பாதுகாப்புக்காகத் திரட்டப்பட்ட அறிவு மற்றொரு நாட்டின் அச்சமாக மாறக்கூடும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. அதே அறிவு ஆறுகளையும் மலைகளையும் பற்றிய மனித இனத்தின் பொதுச் செல்வமாகவும் ஆயிற்று. இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்தே நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

7. வழிகள் கோடுகளான காலம்

நைன் சிங் நடந்த காலத்தில் லடாக், திபெத்து, தவாங் ஆகியவற்றிற்கு இடையே வணிகரும் துறவியரும் சென்று வரும் வழிகள் இருந்தன. இருபுறத்தாரும் ஏற்றுக்கொண்ட தெளிவான எல்லைக்கோடு பல இடங்களில் இல்லை. ஆங்கிலேயர் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கோடுகளை வரைந்தனர். 1914ஆம் ஆண்டு சிம்லா மாநாட்டின்போது ஆங்கிலேய இந்தியாவும் திபெத்தும் கிழக்கு இமயத்தில் மக்மகான் கோட்டை ஏற்றுக்கொண்டன. சீனா அதனை ஏற்கவில்லை. இந்தியா 1947இல் விடுதலை பெற்றபோது, நாட்டுடன் சேர்ந்து தீராத இந்த எல்லைச் சிக்கலையும் பெற்றது.

1962ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் சீனப் படைகள் லடாக்கிலும் கிழக்கு எல்லையிலும் தாக்குதல் தொடங்கின. தவாங் சில காலம் சீனப் படையின் பிடியில் இருந்தது. ஒரு மாதம் நடந்த அப்போர் இந்தியர்களின் மனத்தில் ஆழ்ந்த வடுவை உண்டாக்கியது. அதுவரை இமயம் இயற்கை தந்த மதில் என்றும் அதைக் கடந்து எவரும் வாரார் என்றும் மக்கள் நம்பியிருந்தனர். போருக்குப் பின் அந்நம்பிக்கை தகர்ந்தது. படைபலம், சாலைகள், எல்லைக் காவல் ஆகியவற்றைப் பற்றி நாடு புதிதாகச் சிந்திக்கத் தொடங்கியது. எங்கோ ஒரு பனிமலையில் நடப்பது தம் வாழ்வையும் தொடும் என்பதை நாட்டின் தென்கோடியில் இருந்தவரும் உணர்ந்தனர்.

2020ஆம் ஆண்டு கிழக்கு லடாக்கில் பாங்கோங் ஏரிக்கரையில் இருநாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்றன. அவ்வாண்டு சூன் 15ஆம் நாள் இரவு அதே பகுதியின் கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் இந்திய வீரர் 20 பேர் உயிர்நீத்தனர். அவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. கடலோர மாவட்டத்தில் பிறந்தவர் பனிமலை எல்லையில் உயிர் ஈந்தார். ஒரு நாடு என்னும் உணர்வு எத்தனை தொலைவை இணைக்கிறது என்பதை அவ்வீரரின் வாழ்வு உணர்த்துகிறது.

1874ஆம் ஆண்டுப் பயணத்தில் நைன் சிங் கடந்த பாங்கோங்கும் அவர் காத்திருந்த தவாங்கும் இன்று எல்லைச் சிக்கலின் இரு முனைகளாக உள்ளன. அன்று ஒரு பயணி ஒரே நடையில் இணைத்த இடங்களுக்கு இடையே இன்று வேலிகளும் காவல் நிலைகளும் நிற்கின்றன.

8. மிலம் பேசும் உண்மை

எல்லைச் சிக்கலின் விலையை நைன் சிங்கின் சொந்த ஊரும் கொடுத்தது. 1962ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கணவாய்கள் மூடப்பட்டன. திபெத்து வணிகம் நின்றது. வணிகம் நின்றதும் மிலமில் வாழ்வதற்கான காரணமும் குறைந்தது. குடும்பங்கள் முன்சியாரி முதலிய கீழ் ஊர்களிலும் தொலைதூர நகரங்களிலும் குடியேறின. பல வீடுகள் கூரையிழந்து கற்சுவர்களாக நின்றன. சில குடும்பங்கள் மட்டும் கோடையில் வந்து நிலத்தைப் பார்த்துச் செல்கின்றன.

போரில் மிலம் பறிபோகவில்லை. குண்டுவீச்சில் அழியவும் இல்லை. அது இந்தியாவிலேயே இருந்தது. ஆயினும் அதன் மக்கள் தம் தொழிலையும், தலைமுறை நட்பையும், இருமொழி வாழ்வையும் இழந்தனர். மலையின் இருபுறத்தையும் அறிந்த வணிகர் என்னும் அவர்களின் பழைய அடையாளம் மறைந்தது. எல்லையோரக் குடிமக்கள் என்னும் புதிய அடையாளம் வந்தது. 1967ஆம் ஆண்டு அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அவர்களின் பிள்ளைகள் கல்வியில் முன்னேறிப் பல பணிகளில் சேர்ந்தனர். எனினும் ஊர் வெறுமையாயிற்று.

எல்லையில் மக்கள் வாழாவிட்டால் எல்லையைக் காப்பதும் கடினமாகும். கணவாயின் பனி எப்போது உருகும், எந்தப் பாதை சரியும், புதிய காலடித் தடம் எங்கே தெரிகிறது என்பவற்றை அங்கு ஆடு மேய்ப்பவரே முதலில் அறிவார். இதனை உணர்ந்தே இந்திய அரசு அண்மைக் காலத்தில் வட எல்லைச் சிற்றூர்களில் சாலை, மின்சாரம், வாழ்வாதாரம் ஆகியவற்றை வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கியுள்ளது. நாட்டின் கடைசி ஊர் எனப்பட்டவை இப்போது முதல் ஊர் என அழைக்கப்படுகின்றன. பெயர் மாறுவது நன்று. அவ்வூர்களில் பள்ளியும் மருத்துவமும் வேலையும் நிலைபெறும்போதே அப்பெயர் முழுமையான பொருள் பெறும்.

9. நிறைவு

2004ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நைன் சிங்கிற்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. அவர் பணியாற்றிய நில அளவைத் துறை இன்றும் டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. செயற்கைக்கோள்கள் விண்ணிலிருந்து நிலத்தை அளக்கின்றன. அவை மலையின் உயரத்தைக் கூறும். ஆற்றின் வளைவைக் காட்டும். அங்கே வாழ்பவர் எதை உண்டு, எவரோடு வணிகம் செய்து, எதை இழந்து வாழ்கின்றனர் என்பதை அறிய மனிதர் நடந்து செல்லத்தான் வேண்டும்.

எல்லையை வீரர் காக்கின்றனர். நிலத்தை அறிந்தோரின் உழைப்பும், எல்லையோர மக்களின் நல்வாழ்வும், இருபுற அச்சத்தைக் குறைக்கும் பேச்சுவார்த்தையும் அக்காவலுக்குத் துணை நிற்கின்றன. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கோடு தாளில் இருக்கும். நிலத்தில் அமைதி இராது. காலடி காலடியாக இமயத்தை அளந்த பண்டிதரின் வாழ்வும், வெறுமையான அவருடைய ஊரும் சேர்ந்து நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

அருஞ்சொற்பொருள்

அகலக்கோடு – நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கு, தெற்குத் தொலைவைக் காட்டும் கோடு
ஈந்தார் – கொடுத்தார்
உருப்போடுதல் – திரும்பத் திரும்பச் சொல்லுதல்
கணவாய் – மலைகளுக்கு இடையே உள்ள வழி
சோழி – கடலில் கிடைக்கும் பளபளப்பான சிறு சிப்பி
வடு – தழும்பு
வெண்காரம் – உயர்நில ஏரிக்கரைகளில் கிடைக்கும் ஒருவகை உப்பு

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மிலம் மக்கள் கோடையில் மட்டும் தம் ஊரில் வாழ்ந்தது ஏன்?
2. நைன் சிங்கின் மாலையில் 100 மணிகள் மட்டும் இருந்ததன் காரணம் யாது?
3. தண்ணீரைக் கொதிக்க வைத்து உயரத்தை எவ்வாறு அறியலாம்?

ஆ. கணக்கிட்டு எழுதுக.
நைன் சிங் ஒருநாள் மாலையை மூன்று முறை முழுமையாகச் சுற்றினார். அன்று அவர் எத்தனை காலடிகள், எத்தனை மைல் நடந்தார்?

இ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. திபெத்தியர், ஆங்கிலேயர் ஆகிய இருவருக்கும் இருந்த அச்சங்களை ஒப்பிடுக.
2. போரில் அழியாத மிலம் வெறுமையானது எவ்வாறு?

ஈ. கேட்டு எழுதுக.
உங்கள் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் அவர்களின் சொந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள். மக்கள் அவ்வூரை விட்டு வெளியே சென்றதற்கான காரணங்கள் யாவை? மிலம் மக்கள் வெளியேறியதற்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைப் பத்துத் தொடர்களில் எழுதுக.

உ. வகுப்பில் கலந்துரையாடுக.
நைன் சிங் மாறுவேடத்தில் சென்றது சரியா? ஒரு குழு அளவைத் துறையின் சார்பிலும், மற்றொரு குழு திபெத்தியரின் சார்பிலும் பேசுக.